வாய் மூடப் பழக்கிய சிப்பி

அன்பு மகள் மெரெரித்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி இத்வாலும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் பேனா கொஞ்சம் தயங்குகிறது. நீயும் மாப்பிள்ளை வீரெமுவும் குழந்தையும் நியூசிலாந்தில் நல்லபடியாக இருப்பதைப் போனில் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். என்னடா இந்தக் கிழவன் பேனாவைத் தூக்கிவிட்டான், செத்துகித்துப் போகப்போகிறானா என்று பயப்படாதே. என் முழங்காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது. போனில் பேசும்போதெல்லாம் உன் தம்பி பக்கத்து அறையில் இருக்கிறான், நம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்கே தெரியும். அவன் காதில் விழக்கூடாத சங்கதி என்பதால்தான் கடிதம். பள்ளிக்கூடத்துக்கு நான் போனதைவிட மழைக்கு ஒதுங்கியதுதான் அதிகம், பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்பு மை எடுக்காமல் படி.

இத்வால் சரியாக இல்லை அம்மா. பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட மூன்று வேளையும் சாப்பிட்டவன், இப்போது தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறான். பகலெல்லாம் படகில் போய் உட்கார்ந்திருக்கிறான். இயந்திரம் ஓடுவதில்லை, வலை இறங்குவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறான். போனில் உன்னிடம் நன்றாகச் சிரித்துப் பேசுவான், அதை நம்பாதே.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது, நீ அப்போதே அங்கே போய்விட்டாய். நம் நாடு ஐரோப்பாக் கூட்டமைப்பில் இருப்பதா வெளியேறுவதா என்று ஓட்டு வைத்தார்களே, அந்த நேரம் ஹேம்லின் என்று ஒரு ஆள் வெளியேறச் சொல்லி நம் பக்கத்துக்குப் பிரசாரத்துக்கு வந்தான். பளபளவென்று ஷூ, சேற்றில் கால் வைக்கும்போது கோழி மாதிரி தூக்கித் தூக்கி வைப்பான். சர்ச் கூடத்தில் சிப்பிக்காரர்களுக்கு ஒரு கூட்டம் போட்டான். உங்க லாரி இன்னைக்கு எப்படி ஹாலந்துக்குப் போகுதோ அப்படியேதான் நாளைக்கும் போகும், ஒரு செக்போஸ்ட் கிடையாது, ஒரு தாள் கிடையாது, அவங்களுக்கு நம்மள விட்டா வேற கதியில்ல என்றான். அதே வாரம் ஆட்டுச் சந்தையில் ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொரு கூட்டம். அங்கே ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட பை பலகாரம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன், எனக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே, பைக்குள் இருந்ததுதான் சம்பந்தம். அங்கே அதே ஆள், அதே ஷூ. நம்ம எல்லையில நாமதான் காவல், அவங்க சட்டம் ஒண்ணும் நமக்கு ஒட்டாது, சோதிக்காம ஒரு ஈ உள்ள வராது என்று மேசையைத் தட்டினான். நான் எழுந்து, சார், நம்ம கதவை நாம சாத்துறோம் சரி, ஐரோப்பாக்காரன் மட்டும் அவன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நம்ம சிப்பிக்கு விசிறி வீசுவானா என்று கேட்டேன். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். பெரியவருக்கு இன்னொரு பை குடுங்கப்பா என்றான். அவ்வளவுதான் பதில். நானும் தின்றுவிட்டு வந்தேன்.

உன் தம்பி சிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பித்தபோது, உங்களுக்கு எல்லாம் கேலிதாம்ப்பா, அந்த ஆளு படிச்சவரு, ரெண்டுக்கும் ஒரு வழி வச்சிருப்பாரு என்றான். படகின் அறைக் கண்ணாடியில் அந்த ஹேம்லின் படத்தை ஒட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். நான் எதற்கு ஓட்டுப் போட்டேன் என்று நீ மறுபடியும் கேட்காதே, உன் அம்மாவுக்கே சொன்னதில்லை.

அப்புறம் நடந்தது பாதி உனக்குத் தெரியும். முன்பெல்லாம் நம் ஜலசந்தியில் அள்ளின சிப்பியை அப்படியே உயிரோடு லாரியில் ஏற்றிவிடுவோம், ஹாலந்தில் நம் யோரிஸ் அதைச் சுத்தமான கடல் தண்ணீரில் போட்டு மண்ணைக் கக்கவைத்து விற்பான். வெளியேறின பிறகு போன முதல் லாரியையே துறைமுகத்தில் மறித்தார்கள். வெளிநாட்டுச் சிப்பி கழுவாமல் உள்ளே வரக்கூடாதாம். அந்தச் சட்டம் எப்போதும் இருந்ததுதான், நாம்தான் அப்போது வெளிநாடு இல்லை. போதாததற்கு ஒவ்வொரு லோடுக்கும் மாட்டு வைத்தியர் கையெழுத்து வேறு. டாக்டர், சிப்பியை நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தீங்களா என்று நான் கேட்டேன், மனுஷன் இரண்டு நாள் தூங்கவில்லை போல, முறைத்தார்.

இத்வால் சோர்ந்துபோகவில்லை, அதுதான் எனக்கு இப்போது வலிக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் தானே தொட்டி கட்டி, குழாய் இழுத்து, இங்கேயே கழுவி அனுப்பினான். ஆனால் சிப்பி தொட்டியில் வாய் திறந்து ஓய்வெடுத்துவிட்டு மறுபடி லாரியில் ஏறினால் தாங்குவதில்லை. துறைமுகத்தில் காத்துக் கிடந்ததில் போகிற வழியிலேயே எல்லாம் வாயைத் திறந்து செத்துவிட்டன. யோரிஸ் கூப்பிட்டு, இத்வால், ஒரு லாரி பிணம் அனுப்பியிருக்கே, நான் சாமான் வாங்குறவனா இல்ல புதைக்கிறவனா என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், இவன் முகம் வெளுத்துவிட்டது.

நாம் சிப்பிக்கு வாய் மூடப் பழக்குவோமே, ஆழத்திலிருந்து எடுத்துக் கரையோரத் திட்டில் போட்டு, கடல் வற்றும்போதெல்லாம் இறுக்கி மூடிக்கொள்ளட்டும் என்று விடுவோமே, அதில்தான் இவனுக்குக் கடைசி நம்பிக்கை. இன்னும் மேலே போட்டா இன்னும் நல்லா பழகிடும்ப்பா, எத்தனை நாள் நிறுத்தினாலும் தாங்கும் என்று மொத்தத்தையும் மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினான். டேய், தண்ணி நிக்காத மேட்டுல அதுக்குத் தீனி ஏதுடா என்றேன். கேட்கவில்லை. ஒரு வருஷம் காத்திருந்தான். போன மாதம் அந்த லோடு போனது. ஒன்றுகூடச் சாகவில்லை, ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. யோரிஸ் கூப்பிட்டு இந்தத் தடவை கேலி செய்யவில்லை. தம்பி, ஓடு கல்லு மாதிரி இருக்கு, உள்ளே சதையே இல்ல, நான் இனிமே அயர்லாந்துலேயே வாங்கிக்கறேன், கோவிச்சுக்காதே என்றான். அயர்லாந்து அதே கடலுக்கு அந்தப் பக்கம்தான், அவர்கள் ஐரோப்பாக் கூட்டமைப்பை விட்டுப் போகவில்லை, அவர்கள் சிப்பி கழுவாமலே போகிறது.

இதையும் தாண்டியிருப்பான் என்று நினைத்தேன். இரண்டு வாரம் முன்னால் அந்த ஹேம்லின் மறுபடி ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்தான், அதே சிரிப்பு. நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவன், நாங்க சொன்ன மாதிரி செஞ்சிருந்தா எல்லாம் நல்லாயிருந்திருக்கும், செஞ்சவங்க சரியில்ல என்கிறான். எந்த மாதிரி சார், சர்ச்சுல சொன்ன மாதிரியா சந்தையில சொன்ன மாதிரியா என்று கேட்டேன். நீங்க இன்னும் அப்படியே இருக்கீங்க பெரியவரே என்று என் தோளைத் தட்டினான். நான் இத்வாலைப் பார்த்தேன். கத்துவான், கழுத்தைப் பிடிப்பான், குறைந்தது கெட்ட வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க சார், மழை வருது, நின்னதும் போகலாம் என்றான். டீ போட்டுக் கொடுத்தான். அப்புறம் பின்பக்கமாகப் போய்த் தொட்டிக் குழாய் எல்லாவற்றையும் திறந்துவிட்டான். தண்ணீர் முழுக்கக் கடலுக்குப் போகும்வரை மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு கேலியும் வாயில் வரவில்லை.

டில்வின் இருக்கிறானே, பப்பில் நம் பக்கத்து மேசைக்காரன், அவன்கூட, இத்வால், படத்தைக் கிழிச்சியா இல்ல சட்டம் போட்டு மாட்டிட்டியா என்று சீண்டிப் பார்த்தான். இவன் ஆமாம் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். எதற்கு ஆமாம் என்று இவனுக்கே தெரியாது. நேற்றுக் காலை படகில் போய்ப் பார்த்தேன், நங்கூரக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏறினதுகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம்.

அவனை உன்னிடம் கூப்பிட்டுக்கொள் அம்மா. மாப்பிள்ளை வேலை செய்யும் சிப்பிப் பண்ணையில் படகுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றாயே. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வளர்ப்பதெல்லாம் ஒரு சிப்பியா என்று நான் மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எழுதியே கொடுத்துவிட்டேன், போதுமா? உங்கள் ஊர்ப் பச்சைச் சிப்பியை ஐஸில் உறையவைத்து இங்கே நம் தெருக் கடையிலேயே விற்கிறார்கள், அதை வாங்கித் தின்றும் பார்த்துவிட்டேன், கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது, இத்வாலிடம் சொல்லாதே. வேலை இருக்கு வா என்றால் அவன் வரமாட்டான், இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்துகொள்வான். மாப்பிள்ளை படகில் இயந்திரம் தகராறு செய்கிறது, அங்கே ஒருத்தனுக்கும் கை ஓடவில்லை, நீ வந்து பார்த்தால்தான் ஆகும் என்று சொல். யாருக்காவது தேவைப்படுகிறோம் என்றால் மட்டும்தான் எழுந்திருப்பான். அப்பாவை யார் பார்ப்பது என்பான். டில்வின் மகள் தினம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாளாம் என்று சொல்லிவிடு. அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே, உங்கள் ஊரில் இப்போது வெயிலா குளிரா என்று எனக்கு எப்போதும் தலைகீழாகத்தான் ஞாபகம் இருக்கும், எதுவானாலும் குல்லாய் போட்டு விடு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, வயிறும் மனசும் நிறைந்து இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை பேசாதே. அவன் கிளம்புகிறேன் என்று என்னிடம் வந்து நிற்கும்போது, அவ்வளவு தூரம் எதுக்குடா, இங்கேயே கிட என்று நான் சண்டை போடுவேன். போடாவிட்டால் சந்தேகப்படுவான். அந்தச் சண்டையில் நான் ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஐவோர்