டெர்மினலில் கை வைக்க மாட்டேன்

மார்ச் 12, திங்கள்
காலையிலேயே வெயில். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற மைன்ஸ் டூட்டி, முதல் ஷிப்ட். சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைந்தன, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. இன்ஜின் விளக்கு மட்டும் அணையவில்லை. வண்டியும் குலுங்கியது. சனிக்கிழமை நான் விட்டபோது நன்றாக இருந்தது. ஞாயிறு முழுக்க வண்டி முதலாளி வீட்டில்.

அவரிடம் சொன்னேன். கார் ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்கள் முன்னால், "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளாம். பதினோரு வருஷம் ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது.

வாங்க: தேங்காய், சோப்பு, பாப்பாவுக்கு கிராஃப் நோட்டு.

மார்ச் 13, செவ்வாய்
வண்டி ஓரமாக நிற்கிறது. முதலாளி போன். பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டு மாட்டு, விளக்கு போய்விடும் என்கிறார். ஸ்டாண்டில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். போன மாதம் நானே செய்தேன், பெருமை வேறு. மெக்கானிக் ரவி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கோளாறு வந்தால் வண்டி அந்தக் கோளாறின் எண்ணைப் பதிந்து வைக்குமாம், அந்த நொடி எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு என்பதோடு. பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் போச்சு.

எனக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதை நானே அழிப்பேனா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14, புதன்
சாயங்காலம் முத்தாண்டிக்குப்பம், ரவி அண்ணன் பட்டறை. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். முதலாளியையும் வரவழைத்தேன். கூடவே அவர் மச்சான். ஸ்கேனர் மாட்டியதும் வந்தது: P0303. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. கோளாறு பதிந்த நொடியில் வேகம் 118 கிலோமீட்டர்.

மைன்ஸுக்குள் முப்பதைத் தாண்டினால் கேட்டில் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். 118-க்கு நான் எங்கே போவேன்?

மச்சான் நெளிந்தார். ஞாயிறு கடலூர் கல்யாணத்துக்கு வண்டியை எடுத்துப்போனவர் அவர்தான். "குள்ளஞ்சாவடி தாண்டி ரோடு காலியா இருந்துது, கொஞ்சம் அழுத்தினேன். அப்புறம் குலுங்கிக்கினே வந்துச்சு."

முதலாளி ஸ்கேனர் பக்கம் திரும்பினார். அந்த எண்ணை அழித்துவிடு ரவி என்றார். என்னிடம், எப்போதும்போல வந்துவிடும்மா என்றார். அவ்வளவுதானா?

"ஸ்டாண்டுல சொன்னத ஸ்டாண்டுலயே வந்து மாத்திச் சொல்லுங்க. அப்புறம் சாவி வாங்கிக்கிறேன்."

சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மார்ச் 15, வியாழன்
டூட்டிக்குப் போகவில்லை. முதலாளி போன் இல்லை. வூட்டுக்காரர் திட்டு. வேலை போனால் என்ன செய்வாய் என்கிறார். தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. மோர்க்குழம்பில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

மார்ச் 16, வெள்ளி
காலை ஆறு மணி, ஷிப்ட் மாறும் நேரம். ஸ்டாண்டில் போய் நின்றேன். முதலாளி வந்தார். எல்லாரும் இருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே, தப்பு இந்தம்மா மேல் இல்லை என்று முணுமுணுத்துச் சாவியை நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலீங்க முதலாளி."