பாஸ்கலா ஃபோர்ட்ரானா

9.7.77, சனி

மத்தியானம் மகள் ரீத்தா இரண்டு தாளை என் முன்னால் வைத்தாள். கரையோர ஊர்களுக்கு இடையே கடலில் சீக்கிரம் போகிற வழியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டுமாம். காலேஜில் அதுதான் அவளுக்குக் கடைசி வேலை. ஒன்று ஃபோர்ட்ரான் என்கிற கம்ப்யூட்டர் பாஷை, ஊருக்குக்கூட நம்பர்தான். மற்றது பாஸ்கல் என்கிற பாஷை. அதில் ஊர்ப்பேரே இருந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். எங்கள் புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்குப் போகவும் வரவும் ஒரே நேரம்தான் போட்டிருந்தாள்.

"ஏளா, கச்சான் காத்துல போறதும் வாரதும் ஒண்ணா? உங்கப்பா தோணி போக ரெண்டு மணி நேரம், எதிர்க்காத்துல வீடு திரும்ப ஒரு பகல் பூரா ஆகும்லா?"

"எங்க சாருக்கே இது தோணலம்மா."

"அப்பம் பேரு இருக்கதுலயே எழுது. எனக்கே தப்பு தெரியுதுல்லா."

பிறகுதான் சொல்கிறாள், பாஸ்கலுக்கு மிஷின் பம்பாயில்தான் இருக்காம், ஆறு மாசம் அங்கே இருக்கணுமாம். ஃபோர்ட்ரான் என்றால் அடுத்த மாசமே வீட்டுக்கு வந்துவிடலாமாம்.

"நீ சொல்லும்மா. தனியா இருந்துக்கிடுவியா?"

அவர் இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. இருந்துக்கிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள்.