டண்டியில் வெட்டிய முடி

காளிகாட், கல்கத்தா
மார்கழி, புதன்கிழமை மத்தியானம்

சிரஞ்சீவி வைத்திக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். சீமையில் அந்த டண்டிக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, உன் தங்கை மீனாக்ஷிக்கும் பெரிய அத்தைக்கும் ஒன்றும் இல்லை. உன் சாவித்ரியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, பதறாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை வழக்கம்போல மீனாக்ஷி கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தாள். இந்தத் தாடியோடும் சடையோடும் மெஷின் பக்கம் நிற்காதே, பெல்ட் பிடித்து இழுத்துவிடும் என்று சணல் மில் துரை சொன்னதையும், நீ க்ஷவரக் கடைக்குப் போய் சுழலுகிற நாற்காலியில் உட்கார்ந்ததையும், முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து உன் பிடரியை உனக்கே காட்டினதையும், கொதிக்கிற துண்டை முகத்தில் போட்டதும் இட்லிப் பானைக்குள் இறக்கின மாதிரி இருந்தது என்று எழுதியிருந்ததையும் படித்து அவள் சிரித்தாள், அப்பாவும் சிரித்தார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாவித்ரி உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பெண்டாட்டி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் தலையில் கத்தி படக்கூடாது என்பார்களே, வெட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தானே கப்பல் ஏறினாய், சாமியார் மாதிரி வந்து நிற்பேன், குழந்தை பார்த்து அலறப்போகிறது என்று கேலிகூடச் செய்தாய். அத்தை விடவில்லை. கடல் தாண்டினது போதாதென்று ஏழாம் மாசத்தில் கத்தியும் பட்டாச்சு, அவனைப் பெற்றவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று சாவித்ரி காதில் விழும்படியே சொன்னாள்.

அன்றிலிருந்து சாவித்ரி சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டால் பசி இல்லை என்பாள், வற்புறுத்தினால் ஒரு வாய் பால். நேற்றுக் காலையில் நான் பூஜைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, அம்மா, குழந்தை அசையலை, ராத்திரியிலிருந்தே அசையலை என்றாள். அவர் முடி வெட்டிண்டதாலயா என்று கேட்டாள். பக்கத்து வீட்டு வங்காளி பௌதி உடனே ஆள் அனுப்பினாள், அலிப்பூரில் இருக்கும் லேடி டாக்டர் வேறொரு பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், இன்றைக்குத்தான் வருவாளாம். ராத்திரி முழுவதும் சாவித்ரி வயிற்றில் கையை வைத்துக்கொண்டே படுத்திருந்தாள். இன்று காலையில் அத்தை பரிகாரம், வேண்டுதல் என்று மறுபடி ஆரம்பித்தபோது நான் சாவித்ரியிடம் ஒன்று சொன்னேன், உனக்கும் இதுவரை சொன்னதில்லை. உங்கப்பா நான் உண்டாகியிருந்தபோதெல்லாம் தாடியும் சடையுமாகவே ஆபீஸ் போனவர், நகம் வெட்டக்கூட யோசிப்பார், அப்படியும் உனக்கு முன்னால் இரண்டு குழந்தை தங்கவில்லை. அத்தை பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த இரண்டையும் கையில் வாங்கினவள் அவள்தான்.

இவ்வளவு எழுதும்போது வண்டிச் சத்தம் கேட்டது, அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இப்போது சாயங்காலம். டாக்டர் மரக்குழலை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டாள், இடம் மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு நிமிர்ந்து, பாச்சா பாலோ ஆச்சே, குழந்தை நன்றாக இருக்கிறது, தாய் பட்டினி கிடந்தால் அது எதைத் தின்று குதிக்கும் என்று வங்காளத்தில் கோபித்துக்கொண்டாள், மீனாக்ஷி அதைத் தமிழில் சொல்லும்போது தானும் ஒரு பங்கு கோபத்தைச் சேர்த்துக்கொண்டாள். சாவித்ரி ரசம் சாதம் சாப்பிட்டாள், அத்தைதான் பிசைந்து கொடுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். லேசாகத்தான், ஆனால் உதைத்தது. பயம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்னும் மாசம் இருக்கிறது, டாக்டரும் வாரா வாரம் வருகிறேன் என்றிருக்கிறாள்.

இனிமேல் இந்த மாதிரி சமாசாரமெல்லாம் அவன் எழுத வேண்டாம் என்று எழுதிவிடு என்றாள் அத்தை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சாவித்ரி படுத்தபடியே, வேண்டாம் அம்மா, எழுதச் சொல்லுங்கோ, முடி வெட்டினதை மறைக்கப் பழகினால் நாளைக்கு ஜுரம் வந்தாலும் மறைப்பார், அப்புறம் வருகிற கடிதத்தில் எதை நம்புவேன் என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆகையால் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், முடி வளர்ந்தால் போய் வெட்டிக்கொள். வெட்டிக்கொண்டதை எழுது. ஆனால் கூடத்தில் படிக்கிற கடிதத்தில் வேண்டாம். அவள் பேருக்குத் தனிக் கவர் போடு, அவளுக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

இந்தக் கடிதம் நாளை மெயிலில் போகிறது. பதிலை முதல் கப்பலிலேயே அனுப்பு. காளி உன்னையும் அவளையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலக்ஷ்மி