ஒரு நாற்காலிக்கு அனுமதி

நெப்ராஸ்கா
அக்டோபர் 1998, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஜெனெலுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அலாஸ்காக் குளிரில் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு அடங்கியிருக்கிறது, எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. நீ அனுப்பிய சால்மன் டப்பாக்கள் நசுங்காமல் வந்து சேர்ந்தன, அப்பா ஒரே வேளையில் ஒரு டப்பாவைக் காலி செய்துவிட்டார். சோளம் அறுக்கிறார்கள், ஊர் முழுக்கத் தூசி, துணியை வெளியே காயப்போட முடியவில்லை. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டை விற்றுவிட்டு இருவரும் உன்னிடமே வந்துவிட வேண்டும், அப்பாவின் சக்கர நாற்காலிக்காகக் கதவைக்கூட அகலமாக்கி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மடித்து வைத்துவிட்டேன். போனில் கேட்டபோதும் பேச்சை மாற்றினேன். இங்கே நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் சலூன் வேலையை விட்டுவிட்டு நம் வீட்டுக் கீழறையிலேயே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டது உனக்குத் தெரியும். அவரைத் தனியே விட்டுப் போக முடியாது, வேலை செய்யாமலும் இருக்க முடியாது. முடி வெட்ட மாநிலம் கொடுத்த உரிமம் என்னிடம் இருக்கிறது. ஆனால் நம் தெரு குடியிருப்புக்கென்று ஒதுக்கிய தெரு, வீட்டில் வைத்துத் தொழில் செய்ய நகரசபை தனியாக அனுமதி தர வேண்டும். அதைக் கேட்கப் போனால் அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் தபால் போகும், விசாரணை வைப்பார்கள், ஒருவர் முகம் சுளித்தாலும் கதவைச் சாத்த வேண்டியதுதான். அதனால் கேட்காமலே இருந்தேன். பலகை வைக்கவில்லை, விளம்பரம் செய்யவில்லை. சர்ச்சுக்கு வரும் பெண்கள் வெள்ளியும் சனியும் வந்து தலையைச் சரிசெய்துகொண்டு போவார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம்தான், ஆனாலும் ரகசியம்.

கோடையில் ஒருநாள் பின்வேலிக்கு அப்பாலிருக்கும் ஆர்வில் டெஸ்கி வந்தார். அவர் மனைவியை முதியோர் இல்லத்தில் சேர்த்ததிலிருந்து மனிதர் பாதியாகிவிட்டார். கையில் ஒரு கூடைத் தக்காளி. தன் நிலத்தின் கோடியில், நம் வேலியை ஒட்டி, செல்போன் கம்பெனிக்காரன் டவர் போட வாடகைக்குக் கேட்கிறான், அவளை அந்த இல்லத்திலேயே வைத்திருக்க வேறு வழியில்லை, அதற்கும் நகரசபை அனுமதி வேண்டும் என்றார். ஊர்த் தண்ணீர்த் தொட்டியைவிட உயரமாம். நான் தக்காளிக் கூடையை வாங்கிக்கொண்டேன். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, “உன் வாசல்ல எத்தன கார் வந்து நிக்குதுன்னு நான் எண்ணினதே இல்ல, லவோன். நீயும் என் டவரை நிமிந்து பாக்காத”ன்னார். அது மிரட்டலா, கெஞ்சலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தக்காளி மட்டும் நல்ல இனிப்பு.

உன் பழைய பாட்டு டீச்சர் ஆர்லிஸைத் தெரியுமே, டவர் வரக்கூடாது என்று கையெழுத்து வாங்க முதலில் கிளம்பியது அவள்தான். என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “வேலிக்கு அடுத்தாப்புல இருக்கறவ நீதாண்டி. நீ எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னா, நாங்க நூறு பேரு சொன்ன மாதிரி”ன்னு கண்ணாடியில் என்னை முறைப்பாள். நான் அவள் தலைக்கு ரோலர் சுற்றுவதில் மும்முரமாகிவிடுவேன். டவர் விசாரணைக்கு அப்பாவையும் தள்ளிக்கொண்டு போனேன். ஆர்லிஸ் எழுந்து அழகாகத்தான் பேசினாள். பேச்சு சூடேறியதில், “வெள்ளிக்கிழம லவோன் வீட்டுல தல காயவைக்கற டிரையர் அடியில உக்காந்தா, அந்தச் சின்ன ஜன்னல்ல வானம் மட்டுந்தான் தெரியும். இனிமே இரும்பத்தான் பாக்கணுமா?”ன்னு கேட்டுவிட்டு, சொன்னது என்ன என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த நகரசபைக்காரர்களில் பாதிப் பேரின் மனைவிமாருக்கு நான்தான் முடி வெட்டுகிறேன், அவர்கள் எல்லாரும் காகிதத்தைப் பார்த்தார்கள். தலைவர், “அது இன்னைக்கு எடுக்கற விஷயம் இல்ல”ன்னு தாண்டிப் போகப் பார்த்தார். கம்பெனி வக்கீல் விடவில்லை, வெகு மரியாதையாக, “அந்தம்மா யாருங்க? அவங்க தொழிலுக்கு அனுமதி இருக்கா?”ன்னு கேட்டார். டவர் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நகரசபையிலிருந்து ஒருவர் நம் வீட்டுக்கு வந்து, அனுமதி கிடைக்கும்வரை கீழறையைப் பூட்டச் சொன்னார். விண்ணப்பம் கொடுத்தேன், விசாரணை உண்டு என்று நம் புல்தரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு அறிவிப்புப் பலகை நட்டார்கள். வேறு சலூனுக்குப் போகலாம் என்றால் அப்பாவை யார் பார்ப்பது? வீட்டுக்குள்ளேயே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். உன்னிடம் போனில் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று சொன்னது அந்த நாட்களில்தான்.

அடுத்த கூட்டத்தில் முதலில் என் விண்ணப்பம், அடுத்து டவர். என் பெயரைக் கூப்பிட்டதும் முதல் ஆளாக எழுந்தது ஆர்வில். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “பின்பக்கத்து ஆளு நான். அவங்களால எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. குடுத்துடுங்க”ன்னு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொடுத்துவிட்டார்கள். ஒரு நாற்காலி, வாசலில் ஒரு நேரத்தில் ஒரு கார், பலகை கூடாது, இந்த வீட்டில் நான் குடியிருக்கும்வரை மட்டும், வேறு யாருக்கும் வேறு எந்த இடத்துக்கும் செல்லாது. பிறகு டவர். எல்லையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறார்களா என்று தலைவர் கேட்டார். ஆர்லிஸ் நாற்காலியில் முழுசாகத் திரும்பி என்னையே பார்த்தாள். பேச வேண்டியதை எழுதி என் கைப்பையில் வைத்திருந்தேன், ஜெனெல். பையைத் திறக்கவில்லை. அப்போது கதவோரத்தில் இருந்த உன் அப்பா, “இல்ல!” என்றார், பழைய குரலில், களத்தில் ஆட்களைக் கூப்பிடுவாரே அந்தக் குரலில். எல்லாரும் திரும்பினார்கள். “இது ஆட்சேபணையா, அம்மா?”ன்னு தலைவர் கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வாயில் வருவது அந்த ஒரு வார்த்தைதான், காபி வேணுமா என்றாலும் இல்ல என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். அதைத்தான் எழுந்து சொன்னேன். “இல்லைங்க, அவருக்கு எதுக்கும் அந்த வார்த்ததான் வரும்”ன்னேன். சிலர் பரிதாபமாகச் சிரித்தார்கள். தலைவர் அடுத்ததுக்குப் போய்விட்டார், டவர் நிறைவேறியது. உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு எந்த ‘இல்ல’ எது என்று தெரியாதா? அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். காரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

டவர் எழும்பிவிட்டது. உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு. ஆர்லிஸ் இப்போது வேறெங்கோ முடி வெட்டிக்கொள்கிறாள், சர்ச்சில் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கோணல், சொல்லத்தான் முடியவில்லை. உன் பேச்சைக் கேட்டு வீடு விற்கும் தரகர் ஒருவரை வரவழைத்தேன். மனிதர் காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார், இறங்கவே இல்லை. “கொஞ்ச வருஷம் போகட்டும்மா”ன்னு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீட்டை விற்க முடியாது, விட்டுவிட்டு வந்தால் இந்த அனுமதியும் போச்சு, அங்கே வந்து இந்த வயதில் புதிதாக உரிமம் வாங்கிப் புது ஊரில் தலை தேடவும் என்னால் ஆகாது. உன் கையை எதிர்பார்த்து உட்காரவும் மனம் வரவில்லை. அதனால் நாங்கள் வரவில்லை, கண்ணு. அகலமாக்கிய கதவு அப்படியே இருக்கட்டும். உன்னைக் குறை சொல்லவில்லை, என்மேல் நீ குறைப்படாதே.

குளிருக்கு முன்னால் காருக்குப் புது பேட்டரி போடச் சொல் மாப்பிள்ளையிடம். இரட்டைப் பணிநேரம் ஒத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். வீட்டை விற்பதைப் பற்றி இனி ஏதாவது எழுதுவதானால் தனித்தாளில் எழுதி உள்ளே வை. உன் கடிதங்களை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு, முத்தங்களுடன்,
உன் அம்மா
லவோன் கிராட்ஸ்