கோட்டில் அண்ணி இறங்கிய இடம்

எனக்கு முன்பே எழுந்து வாசல் தெளித்துவிடும் என் தேவகி அண்ணிக்கு,

டாக்டரம்மா உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். மருத்துவமனையின் ஆண்டு மலரில் போடுவார்களாம். கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். "அன்னார் பிறந்தது" என்று ஆரம்பித்ததுமே அது வேறு யாரையோ பற்றியது போல ஆகிவிட்டது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அண்ணன் பட்டுக்கடைக்குப் போகிறார், வருகிறார். பகலெல்லாம் புடவையைப் பிரித்துப் போட்டுக் கல்யாண வீட்டுக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவர், வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறப்பதில்லை. சோறு நான் வடிக்கிறேன். குழம்பு அவர் வைக்கிறார். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் நம்முடையது போலவே இருக்காது, அப்படி இருக்கிறது.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நீங்கள் முதலில் வந்தது வேலைக்கு அல்ல, நோயாளியாக. மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை செய்தார்கள், முடியைக் கொட்ட வைக்கும் மருந்து ஊசிகள் போட்டார்கள், பிறகு கதிர்வீச்சு. நம் ஊரில் அதற்குக் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் பெயர். தலைமுடி மறுபடி வளர்ந்து பின்னல் போடும் அளவுக்கு வந்த பிறகு, டாக்டரம்மா உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். சிகிச்சை முடிந்து போன பெண்கள் பலர் திரும்பி வருவதே இல்லை. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு தேடிப் போய்ப் பார்த்து வருவதுதான் அந்த வேலை.

குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவீர்கள். ஆஸ்பத்திரி என்ற பேச்சையே தெருவில் எடுக்க மாட்டீர்கள். அக்கம்பக்கத்துக்கு நோய் தெரிந்தால் அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோகலாம். "முந்தானைக்குக் குஞ்சம் கட்டணும், இந்த வீடுதானே?" என்று கேட்டுக்கொண்டு போவீர்கள். காஞ்சிபுரத்தில் அப்படிக் கேட்டு வருகிற பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

நீங்கள் கொண்டுவரும் தகவலைக் கணினியில் ஏற்றுவது நான். இறந்தவர்களுக்கு ஒன்று, இருப்பவர்களுக்குப் பூஜ்யம். அதைப் பார்த்து, "இருக்கறவங்களுக்குத்தான் முட்டை போடுவியா?" என்று கேட்டீர்களே. அந்தக் கணக்குக்கென்று தனி மென்பொருள் உண்டு. அதை வாங்க எங்களிடம் வசதி இல்லை. அதனால் சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே வரையப் பழகினேன். எல்லோரும் உயிரோடு இருக்கும் இடத்தில், மேலே கோடு தொடங்கும். ஒருவர் இறந்தால் ஒரு படி இறங்கும். அடுத்தவர் இறக்கும்வரை நேராகப் போகும். ஆனால் ஷீட் அதைச் சறுக்குமரம் போலச் சாய்த்துத்தான் வரைந்தது. ஒவ்வொரு மரணத்தையும் இரண்டு வரியில் எழுத வேண்டும், இறங்குவதற்கு முன்னால் ஒன்று, இறங்கிய பிறகு ஒன்று என்று கண்டுபிடிக்க எனக்குப் பல நாள் ஆயிற்று.

முதல் முறை சரியான படிக்கட்டாக வந்த அன்று உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு அது படம். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு படியாக, "இது யாரு?" என்று கேட்டீர்கள். நான் தேதியைச் சொன்னேன்.

"அப்ப இது ஓரிக்கை பஞ்சவர்ணம். பாவம், பேத்திய மடில வெச்சிக்கினு இருந்துச்சி நான் போனப்போ. இது யாரு, சின்ன காஞ்சிபுரம் டீச்சரா?"

"ஆமா அண்ணி."

"அந்தக் குட்டிக் குட்டிக் கோடு என்னா, நடுவுல?"

"அது இருக்கறவங்க. கடைசியா பாத்தப்போ இருந்தாங்க. அதுக்கு மேல தெரியாது."

"எல்லாருமே அப்படித்தானேம்மா," என்றீர்கள். பிறகு உங்கள் குட்டிக் கோடு எது என்று கேட்டீர்கள். சிகிச்சை முடிந்து வருஷம் கூடக் கூடக் கோடு வலப்பக்கம் நகரும்; உங்களுடையது வலது கோடியில், வெகு தூரம் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் வந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். உங்களுக்கு ஒரே பெருமை. காபி வாங்கிக் கொடுத்தீர்கள்.

அதன் பிறகு புதிதாக வருகிற பெண்கள் யாராவது கட்டிலில் உட்கார்ந்து அழுதால், டாக்டரம்மா உங்களைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். நீங்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னைப் பாரு" என்பீர்கள். வேறு எதுவும் சொல்லத் தேவை இருந்ததில்லை.

அன்றைக்கு ஓரிக்கை பஸ்ஸுக்காக பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்படியே பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டீர்கள். அந்த அம்மா நீங்கள் தூங்குவதாக நினைத்து, தன் பஸ் வந்தபோதும் எழுந்திருக்காமல் இருந்தாராம். மாரடைப்பு. டாக்டரம்மா ஓடி வந்து பார்த்தார். போன மாதம்தான் உங்களுக்கு முழுப் பரிசோதனை செய்திருந்தார்கள். பழைய நோயின் சுவடே இல்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியதும் டாக்டரம்மா என் மேஜைக்கே வந்தார். வரைபடத்தை முடித்து ஒரு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

"சுமதி, தேவகியோட வரிய நான் போட்டுக்கறேன். நீ கொஞ்ச நேரம் வெளியே போயிட்டு வாயேன்."

"வேணாம் டாக்டர். நானே போடறேன். என்ன போடறது?"

அதுதான் கேள்வியாக இருந்தது. நோயால் இறந்தவர்களை மட்டும் கணக்கெடுத்தால் நீங்கள் இறக்கவில்லை. குட்டிக் கோடாகவே நிற்பீர்கள். எந்தக் காரணத்தால் இறந்தாலும் இறப்புதான் என்று எடுத்தால் கோடு இறங்க வேண்டும். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ரெண்டு படமும் போடு. ரெண்டும் உண்மைதான்," என்றார்.

முதல் படத்தில் எதுவும் மாறவில்லை. இரண்டாவதில் உங்கள் வரியில் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்று போட்டேன். சூத்திரங்களை எல்லாம் முன்பே எழுதிவைத்திருந்தேன். எண்டரைத் தட்டியதும் கோடு தானாகவே இறங்கியது. அந்தப் படத்திலேயே அதுதான் பெரிய படி. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்பச் சரிபார்த்தேன். தப்பு இல்லை. அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

அண்ணனிடம் இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அன்று தட்டு கழுவும்போது சொன்னேன். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் என் அலுவலகத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். கணினி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எது அவ?"

காட்டினேன்.

"மத்ததெல்லாம் சின்னதாக் கீது. அவளுக்கு மட்டும் ஏன் இத்தினி பெருசு?"

"முன்னாடியெல்லாம் நெறைய பேர் இருந்தாங்கண்ணா. ஒருத்தர் போனா அவ்ளோவா தெரியாது. அந்தக் கோடிக்கு வந்தவங்க கொஞ்ச பேருதான். அங்க ஒருத்தர் போனாலும் இப்படித்தான் இறங்கும்."

அவர் குனிந்து அந்தப் படியைப் பார்த்தார். "நம்ம வீட்லயும் மூணு பேருதானே இருந்தோம்," என்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இனி ஹசீனா விஷயம். பஞ்சவர்ணத்தைப் போல இதுவும் நான் மாற்றி வைத்த பெயர்தான்; உண்மைப் பெயரை இங்கே எழுதக் கூடாது. யாரென்று உங்களுக்குத் தெரியும். முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் வீடு. நீங்கள் கடைசியாகப் பக்கத்தில் உட்கார்ந்து "என்னைப் பாரு" என்று சொன்ன பெண். அறுவை சிகிச்சையும் மருந்து ஊசிகளும் முடிந்து, கரண்ட் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். நீங்கள் போன செய்தி வார்டுக்குத் தெரிந்ததும் அவர் வருவதை நிறுத்திவிட்டார். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா கவலைப்பட்டார். போய்ப் பார்க்க ஆள் இல்லை. நான் போனேன்.

நீங்கள் சொல்வதையே வாசலில் நின்று சொன்னேன்.

"முந்தானைக்குக் குஞ்சம் கட்டணும்மா."

ஹசீனாவின் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "புடவை எங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வெறும் கையோடு நின்றேன். உள்ளேயிருந்து ஹசீனாவின் குரல் வந்தது. "அது ஆஸ்பத்திரிப் புடவை மாமி. உள்ள வுடுங்க."

அவர் மடியில் ஊதாப் புடவை ஒன்று கிடந்தது. நூலை முறுக்கிக்கொண்டே பேசினார். தலையை நிமிர்த்தவில்லை.

"தேவகிக்காவே போய்ட்டாங்க. நான் எதுக்கு வரணும்? அவங்களக் காட்டித்தானே எனக்குச் சொன்னீங்க, நல்லாயிடும்னு?"

"அவங்க இந்த நோயில போகலைங்க. நெஞ்சு வலி. பஸ்ஸுக்கு ஒக்காந்துக்கினு இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க."

"அப்படித்தான் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பாங்க உங்கள."

"நான் அவங்க நாத்தனார்."

அவர் கை நின்றது. மாமியார் உள்ளே போய் டீ கொண்டுவந்தார். "மூஞ்சி எப்படி இருந்துச்சி?" என்று ஹசீனா கேட்டார். "தூங்கற மாதிரி," என்றேன். அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டிருக்கவில்லை.

பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்துத் தரையில் விரித்தேன். ஒன்றில் நீங்கள் நிற்கிறீர்கள், இன்னொன்றில் இறங்குகிறீர்கள் என்று காட்டினேன். ஹசீனா குனிந்து பார்த்தார்.

"நான் எங்க?"

"இங்க. தொடக்கத்துல."

"கோடு கீழதானே போவுது?"

"போவுது. ஆனா தரைக்கு வரல, பாருங்க. இத்தினி பேரு மேலயே இருக்காங்க."

"கரண்ட்டு வெச்சிக்கினா நானும் தேவகிக்கா இருந்த எடத்துக்கு வந்துடுவேனா?"

"தெரியாதுங்க. வெச்சிக்கினாதான் வர்றதுக்கு வழி. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"அவங்களா இருந்தா கண்டிப்பா வருவேன்னு சொல்லியிருப்பாங்க."

"ஆமாங்க. அவங்க கூசாம பொய் சொல்லுவாங்க."

ஹசீனா சிரித்தார். மாமியாரும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். சத்தம் கேட்டது.

அவர் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் கரண்ட் வைக்கும் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்ததும், "புடவை கொண்டாந்தியாம்மா?" என்றார். சிகிச்சையின் மிச்ச நாளெல்லாம் அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். சிகிச்சை முடிந்து இப்போது பல மாதம் ஆகிவிட்டது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹசீனாவுக்குத் தலையில் பஞ்சு போல முடி வந்திருக்கிறது. ஷீட்டில் அவருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

ஆமாம், உங்கள் வேலையை இப்போது நானும் கொஞ்சம் பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள் கணினி, பாதி நாள் பஸ். சாயங்காலம் வந்ததும் அண்ணன், "இன்னிக்கு யாரு வீட்டுக்குப் போன?" என்று கேட்கிறார். சொல்கிறேன். "நல்லா கீறாங்களா?" என்கிறார். எங்கள் வீட்டுப் பேச்சு இப்போதைக்கு அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. டாக்டரம்மாவிடம் நேற்றுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் படி எப்போதும் அதே உயரத்தில் இருக்காதாம். ஹசீனா மாதிரி இருக்கிறவர்கள் ஒவ்வொரு வருஷமாகக் கடந்து நீங்கள் இருந்த தூரத்துக்கு வந்து சேரச் சேர, அங்கே ஆட்கள் கூடுவார்கள். படத்தைத் திரும்ப வரையும்போதெல்லாம் உங்கள் படி சின்னதாகிக்கொண்டே போகும். பிறகு மற்ற படிகளுக்கு நடுவில் எது உங்களுடையது என்று தேட வேண்டியிருக்கும்.

அது சின்னதாவதை நான் விரும்புகிறேனா, அண்ணி? நேற்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் போவேன். ஒரு வீடு விடாமல் போய், இருக்கிறார்களா என்று கேட்டு வந்து, வருஷா வருஷம் அந்தக் கோட்டைத் திரும்ப வரைவேன். அது எவ்வளவு சின்னதானாலும், இதுதான் எங்கள் அண்ணி என்று யாருக்கும் காட்ட எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி,
உங்கள் நாத்தனார்
சுமதி