உன் திறப்பை நான் ரத்துச் செய்த நாள்

இன்று காலை உன்னிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் உனக்கு ஆண்டு நினைவுப் பூசை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம். கையொப்பம் சரி, உன்னுடைய திறப்பால், நீ மட்டும் வைத்திருந்த அந்த ரகசியச் சாவியால்தான் போடப்பட்டது என்று கணினி சாதித்தது. வெள்ளவத்தை வீட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்த நான் ஒரு கணம் அதை நம்பினேன். உடம்பு குளிர்ந்தது. அந்தக் குளிருக்குள் சந்தோஷமும் இருந்தது.

பிறகுதான் வாசித்தேன். "அன்பார்ந்த நண்பர்களே, இணைப்பை உடனடியாகத் திறந்து பார்க்கவும்." நீயா? உனக்கு நான் எப்போதும் 'எடி'தான். 'உடனடியாக' என்ற சொல்லைக் கண்டாலே சந்தேகப்படு என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நீ.

சனிக்கிழமைகளில் நாம் இருவரும் சட்டத்தரணிகளுக்கும் பத்திரிகைக்காரருக்கும் வகுப்பு நடத்திய காலம் நினைவிருக்கிறதா? ரகசியக் கடிதத்தை எப்படிப் பூட்டி அனுப்புவது என்பதுதான் பாடம். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. பொதுத்திறப்பை எல்லாருக்கும் கொடுத்தால் ஆபத்தில்லையா? "பூட்டைத்தானே குடுக்கிறம். திறக்கிற சாமான் எங்கட கையில" என்பாய். கடவுச்சொல்லை ஏன் ஹாஷ் செய்து, மீட்க முடியாதபடி சிதைத்து வைக்க வேண்டும், பூட்டி வைத்தால் போதாதா? "பூட்டினதைத் திறப்புக் கிடைச்சா ஆரும் திறக்கலாம். துருவின தேங்காயைத் திருப்பி முழுத் தேங்காய் ஆக்கேலுமோ?" மட்டக்களப்பிலிருந்து வந்த சட்டத்தரணி ஐயா ஒருநாள் கேட்டார், கையொப்பம் சரியென்றால் அந்த ஆள்தான் எழுதினார் என்று அர்த்தமா என்று. நீ வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்காமல் பதில் சொன்னாய். "இல்லை ஐயா. அந்தத் திறப்பு வைச்சிருக்கிறவர் எழுதினவர். அவ்வளவுதான்."

அதே ஐயா இன்று காலை தொலைபேசியில் வந்தார். உன் மறைவு அவருக்குத் தெரியாது.

"பிள்ளை, தம்பியிட்டயிருந்து ஒரு கடிதம். பச்சை காட்டுது. திறக்கவோ?"

"திறக்காதேங்கோ ஐயா. அவர் போய் ஒரு வருஷமாச்சு."

அவர் மெல்லக் கேட்டார்: "அப்ப இது ஆர்?"

உன் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்து, உன் திறப்பு இருந்த கணினி எங்கே என்று கேட்டேன். "லப்டொப்பைத் தெமட்டகொடையில ஒரு கடைக்கு வித்துட்டம் தங்கச்சி. சும்மா கிடந்தது. உள்ளுக்க ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது, அவன்ட எழுத்து. உரிச்சு எறிய மனமில்லை, அப்பிடியே விட்டிட்டன்" என்றார். கடவுச்சொல்லை எழுதி ஒட்டுகிறவர்களை நீ எவ்வளவு பகிடி பண்ணியிருப்பாய். கடைசி மாதங்களில் மருந்து உன் ஞாபகத்தைத் தின்றது எனக்குத் தெரியும். அதை மறைக்க நீ பட்ட பாடுதான் தெரியாமல் போயிற்று.

இருவரும் திறப்பு மாற்றிக்கொண்டது வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். என் திரையில் இருந்த நீண்ட இலக்கத்தை நான் வாசிக்க நீ சரிபார்த்தாய். நடுவில் ரயில் வந்தது. "விட்டதை ஊகிக்கக் கூடாது எடி, முதல்ல இருந்து வாசி" என்றாய். அன்றே ரத்துச் சான்றிதழையும் மாற்றிக்கொண்டோம். சொந்தத் திறப்பால் முன்கூட்டியே கையொப்பம் போட்டு வைக்கும் ஒரு சின்னக் கோப்பு. வெளியிட்டால், இந்தத் திறப்பை இனி நம்பாதே என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். "ஆர் முந்திப் போனாலும் மற்றவர் போட்டு விடவேணும்" என்றாய். நீ போன பிறகும் நான் அதைத் தொடவில்லை. போட்டால் நீ எழுதிய பழைய கடிதங்களின் மேலும் சந்தேகம் விழும். பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

என் கவலை ஒரே ஒரு கடிதத்தைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு மட்டும் பூட்டி, உன் கையொப்பத்தோடு அனுப்பியது. "எடி, எனக்குப் பயமா இருக்கு. வீட்டில சொல்லாதை." எல்லாரிடமும் பகிடி விட்டுக்கொண்டே போனவன் நீ. துணிச்சல்காரன் என்றுதான் உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறார்.

மத்தியானம் வரை திரைக்கு முன் இருந்தேன். இன்னும் எத்தனை பேர் உன்னை நம்பி அந்த இணைப்பைத் திறப்பார்களோ என்ற நினைப்பு விடவில்லை. சான்றிதழை வெளியிட்டேன். உன்னை இரண்டாம் முறை மண்ணில் வைத்த மாதிரி இருந்தது, அழுதேன்.

பிறகு அந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் திறந்தேன். மேலே சிவப்பில் எச்சரிக்கை: இந்தத் திறப்பை உரிமையாளரே ரத்துச் செய்துவிட்டார், கையொப்பம் போலியாக இருக்கலாம்.

நீ பயந்தாய். அதற்கு இனி என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.