ஏழு படங்களின் ஓரம்

கள்ளக்குறிச்சி
4.2.2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நலமா? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன். நீ வெள்ளிமலைப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகிறது. கோபம் இன்னும் இறங்கவில்லையா?

மார்ச் இரண்டாம் தேதி சென்னையில் என் ஓவியக் கண்காட்சி. ஃப்ரேம் வேண்டாம் என்கிறார்கள். கான்வாஸின் பக்கவாட்டு ஓரம் நான்கும் தெரியும். புதிய படங்கள் ஏழையும் ஜீவாவின் வேனில் அனுப்பியிருக்கிறேன். ஓரங்களுக்கு எப்போதும் போல நீயே நிறம் பார்த்து அடித்துக் கொடு. உன் கண் எனக்கு வராது.

உன்
தமிழழகன்

வெள்ளிமலை
11.2.2024

அன்புள்ளவருக்கு,

படங்கள் சேதமில்லாமல் வந்தன. ஏரிப் படத்துக்கு நிறம் கலந்துகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் இருசம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், ஓரத்தையே அடிச்சிக்கினு இருக்கீங்க? நடுவுல உங்கள வுட மாட்டாங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

அடுத்த படத்தைப் பிரித்தால், சுற்றியிருந்த பத்திரிகையில் உங்கள் பேட்டி. 'ஓரத்து நிறம்தான் என் முத்திரை. அதற்காக நாள்கணக்கில் தவம் கிடப்பேன்.' பன்னிரண்டு வருடம் தவம் கிடந்தது யார்? என் பேரையும் சொல்லுங்கள் என்றதற்கு, "ஓரத்துக்கெல்லாமா பேரு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். அதற்குத்தானே வீட்டை விட்டு வந்தேன்.

படங்களுக்குப் பக்கத்தில் வைக்கிற சீட்டில் என் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தூரிகையைத் தொட மாட்டேன்.

நிர்மலா

கள்ளக்குறிச்சி
15.2.2024

நிர்மலா,

பேட்டியில் ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். அதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே. சீட்டெல்லாம் அச்சாகிவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் உன் பேர், என் பேர் என்று என்ன? அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். நாள் இல்லை, பிடிவாதத்தை விடு.

தமிழழகன்

வெள்ளிமலை
18.2.2024

ஏழு படங்களும் ஜீவாவின் வேனில் வருகின்றன. ஏரிப் படத்துக்கு அடித்ததையும் துடைத்துவிட்டேன். இனி நீங்களே தவம் கிடங்கள்.

நிர்மலா

கள்ளக்குறிச்சி
27.2.2024

என் நிர்மலாவுக்கு,

தோற்றுவிட்டேன். ஆறு படங்களுக்கு எப்படியோ அடித்தேன். சாமை அறுக்கும் பெண்ணின் படத்துக்குச் சிவப்பு அடித்தேன், மிட்டாய்ப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள், நீலம், எதுவும் ஒட்டவில்லை. பழைய படங்களில் உன் ஓரத்தை முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சிக்கு வைக்கிற பழைய பத்துப் படங்களுக்கும் 'ஓரம்: நிர்மலா' என்று புதுச் சீட்டு அடித்திருக்கிறேன். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் படத்துக்கு ஒரு நிறம் சொல். கண்காட்சிக்கு வா. அப்படியே வீட்டுக்கும் வந்துவிடு.

உன்
தமிழழகன்

வெள்ளிமலை
29.2.2024

அன்புள்ளவருக்கு,

உங்கள் கண் அவள் சிவப்புப் புடவைக்கே போகும். அதை விடுங்கள். இடது மூலையில், கல்லுக்கு அடியில், நகத்தளவு சாம்பல் பச்சை இருக்கிறது. அதில் துளி கறுப்பு சேர்த்து இரண்டு தடவை அடியுங்கள். இந்தக் கடிதத்தை ஜீவாவின் வேனிலேயே அனுப்புகிறேன், இன்றே கிடைத்துவிடும்.

சீட்டில் என் பேரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓரம் கிடைக்காமல் தவித்தபோதுதான் அந்தப் பேர் உங்கள் ஞாபகத்துக்கு வந்தது. கண்காட்சிக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. கண்காட்சி நன்றாக நடக்கட்டும்.

இருசம்மாளை உட்காரவைத்து ஒரு படம் வரைந்து முடித்திருக்கிறேன். மூக்கு கொஞ்சம் கோணல். ஓரம் நன்றாக வந்திருக்கிறது.

நிர்மலா